அவனா, அதுவா? – நடைப்பிணக் கதைகளும் தமிழின் திணைப் பாகுபாடும்



இன்றைய பொழிவின் பொருளை அழைப்பிதழில் கண்ட நண்பர் ஒருவர் கிள்ளானிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அச்சுப்பிழை ஏதும் நேர்ந்துவிட்டதா என்று கேட்டார். மொழியியல் படித்தவன் வேற்றுமையுருபைப் பற்றியோ வினையெச்சத்தைப் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. அவருடைய எதிர்பார்ப்பு முற்றிலும் பொய்யாகிவிடாது. இறந்தும் இறவாமல் எழுந்து நடக்கும் உருவம் ஒன்று படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் உலா வருகிறதே, அதை முன்வைத்து நான் பேசப்போவதும் வினைமுற்றின் ஈற்றைப் பற்றித்தான். ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தது’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவைப் பற்றித்தான்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘ஜோம்பி’ என்றும் ‘ஜாம்பி’ என்றும் ‘ஸோம்பி’ என்றும் நம் ஏடுகள் பலவாறு எழுதுகின்றன. வடவெழுத்தைத் தவிர்க்க விரும்பும் என் போன்றோர் ‘சோம்பி’ என்று எழுதினால் வம்பு வந்து சேரும். தமிழில் அது ‘சோம்பலுற்று’ என்று பொருள்தரும் வினையெச்சம் ஆகிவிடும். ஓய்வே அறியாமல் உழைக்கும் ஓர் உருவத்துக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டியதாக முடியும். ஆகவே இங்கே ‘ஜோம்பி’ என்றே சொல்கிறேன்; தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.

ஓய்வறியாமல் உழைக்கும் உருவம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்று நாம் திரையில் காணும் ஜோம்பி கடிக்கிறது, தின்கிறது, கூட்டமாகத் துரத்துகிறது. அது பிறந்த இடத்தில் இவற்றுள் எதையும் செய்யவில்லை. பிறந்த இடம் கரிபியக் கடற்பகுதியிலுள்ள ஹைத்தி. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் அங்கே கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்தனர். 1791இல் கிளர்ந்தெழுந்து 1804இல் விடுதலை பெற்றனர். ஜோம்பி என்ற சொல்லின் வேர் மேற்கு நடு ஆப்பிரிக்க மொழிகளில், கடவுளையோ ஆவியையோ குறிக்கும் சொற்களில் இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். சொல் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அச்சம் தோட்டத்தில் பிறந்தது. அடிமைக்கு இறப்பு ஒன்றே விடுதலை. இறந்தவன் முன்னோர் நாட்டுக்குத் திரும்பிவிடுவான் என்று நம்பினார்கள். அந்த ஒரு வழியும் அடைபட்டால்? இறந்த பின்னரும் ஒருவன் நம்மை எழுப்பி, மீண்டும் கரும்பு வெட்ட நிறுத்திவிட்டால்? பேச்சிழந்து, பெயரிழந்து, எழுப்பியவன் இட்ட வேலையை முடிவில்லாமல் செய்துகொண்டிருக்கும் உடல்தான் ஹைத்தியின் ஜோம்பி. மக்கள் ஜோம்பியைக் கண்டு அஞ்சியதைவிட, தாமே ஜோம்பியாகிவிடுவோமோ என்றுதான் மிகுதியும் அஞ்சினார்கள்.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைத்தியைத் தன் பிடியில் வைத்திருந்தது. அக்காலத்தில் அங்குச் சென்ற வில்லியம் சீப்ரூக் என்பவர் 1929இல் வெளியிட்ட பயண நூலின் வழியாகவே ஜோம்பி அமெரிக்கப் பொதுமக்களிடம் பரவலாக அறிமுகமாயிற்று. அந்நூலில் வரும் ஒரு கதையை மலேசியத் தமிழர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கங்காணி ஒருவன், இறந்தோரின் கூட்டம் ஒன்றை அமெரிக்கச் சர்க்கரை நிறுவனத்தின் கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டி வருகிறான். அவர்கள் உழைக்கிறார்கள், கூலியை அவன் வாங்கிக்கொள்கிறான். அவர்களுக்கு உப்பில்லாத உணவே தரப்படுகிறது. ஒருநாள் அவனுடைய மனைவி இரக்கப்பட்டு அவர்களுக்கு இனிப்புப் பண்டம் வாங்கிக் கொடுக்கிறாள். அதில் சேர்ந்திருந்த பருப்பில் உப்பு இருக்கிறது. உப்பு நாவில் பட்டதும் தாம் இறந்தவர்கள் என்ற உணர்வு அவர்களுக்கு வருகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறித் தம் ஊருக்கு நடந்து, தத்தம் புதைகுழியை அடைகிறார்கள்.

இக்கதையைத் தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. ‘சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?’ என்று நம் வீடுகளில் கேட்கிறோம். சூடு, சொரணை இருக்கிறதா என்பதே அதன் பொருள். உப்பு உள்ளே போனால் மானம் பிறக்கும் என்பது நம் வழக்கு. பெருங்கடல்களுக்கு அப்பால், நம்மோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஒரு கரும்புத் தோட்டத்திலும் உப்பு அதே வேலையைச் செய்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இரு மொழிக்கும் உறவு தேடக் கிளம்பிவிடாதீர்கள். அத்தகைய ‘ஆய்வு’கள் நம்மிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன. உழைப்பவனின் நாவுக்கு உப்பின் அருமை எங்கும் தெரியும் என்பதே இதற்குப் போதிய விளக்கம்.

கரும்பு, கங்காணி, கூலி என்ற சொற்களைக் கேட்டதும் உங்கள் நினைவு எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பினாங்குக்கு எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுவரப்பட்டார்கள். அதன் பின்னர் வந்தது ரப்பர். ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. ஹைத்தியின் அடிமை முறையும் மலாயாவின் ஒப்பந்த முறையும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரு சாராருக்கும் செய்யும் அநீதி. ஆயினும் ஒரு சொல்லின் வரலாறு கவனிக்கத்தக்கது. தமிழில் ‘கூலி’ என்பது உழைப்புக்குக் கொடுக்கப்படும் ஊதியம், அஃறிணைப் பெயர். குடியேற்ற ஆட்சியாளரின் வாயில் அது ஆளையே குறிக்கும் பெயராயிற்று. அதன் மூலம் பற்றி மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் தமிழ்த் தொழிலாளியைத் தமிழ்ச் சொல்லாலேயே பொருளாக்கிவிட்டார்கள் என்பதில் ஐயமில்லை. இலக்கணத்தார் இதை ஆகுபெயர் என்று முடித்துவிடுவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவனுக்கு அது வெறும் ஆகுபெயராக இருந்திருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளானை அடுத்த தோட்டப்புறங்களில் வழக்கொழிந்துவரும் சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன். பெரட்டு, தண்டல், கிராணி, லயம் போன்றவை என் ஏட்டில் சேர்ந்துகொண்டிருந்தன. ஒரு மூதாட்டி, ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். அந்தப் பாதை 415 கிலோமீட்டர்; 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே மாண்டனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களை மாணவர்கள் படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள் படியுங்கள். மூதாட்டியின் அண்ணன் திரும்பி வந்தவர். அவர் திரும்பிய நாளைச் சொல்லும்போது அம்மையார், ஒரு நடைப்பிணம் வந்தது என்றார். சில மாதங்கள் கழித்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் தங்கையைப் பெயர் சொல்லி அழைத்திருக்கிறார். அன்றுதான் அண்ணன் வந்தார் என்றார் அம்மையார். ஒரே ஆள், இரண்டு வருகை. முதல் வருகைக்கு ‘வந்தது’, இரண்டாம் வருகைக்கு ‘வந்தார்’. இலக்கணம் படிக்காத ஒருவர் ஒரே மூச்சில் திணையை இருமுறை மாற்றினார், இரண்டும் பிழையற்றவை. என் ஏட்டில் அன்று நான் குறித்த பிற சொற்களைவிட அந்த இரண்டு ஈறுகளும் எனக்குப் பெரிதாகத் தோன்றின.

அவர் செய்ததற்கு இலக்கணத்தில் இடம் உண்டா என்று பார்க்கலாம். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாட்டில்தான். மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை. அவரல்லாத பிற அஃறிணை. தொல்காப்பியர் ‘மக்கள்’ என்று வாளா கூறி நிறுத்தவில்லை. ‘சுட்டு’ என்ற சொல்லையும் உடன் வைத்தார். சுட்டு என்றால் சுட்டுகிறவர் ஒருவர் வேண்டும். ஆகவே உயர்திணை என்பது பொருளின் இயல்பு மட்டுமன்று, பேசுகிறவரின் கருத்தையும் பொறுத்தது என்று நான் கொள்கிறேன். அதே இயலில் இன்னொரு நூற்பா, உயர்திணையின்பாற்பட்டும் பால் பிரிந்து இசைக்காத, அதாவது அஃறிணை முடிபே ஏற்கும் சொற்களைப் பட்டியலிடுகிறது. காலம், உலகம் ஆகியவற்றோடு ‘உயிர்’, ‘உடம்பு’ என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. ‘உயிர் போயிற்று’, ‘உடம்பு கிடந்தது’ என்றே சொல்ல முடியும். உயிரும் உடம்பும் சேர்ந்திருக்கும்போது ‘அவன்’. பிரித்து வைத்தால் இரண்டுமே ‘அது’. அப்படியானால் ‘அவன்’ எங்கே இருந்தான்? ஜோம்பிக் கதைகள் அனைத்தையும் ஒரு கேள்வியாகச் சுருக்கினால் இதுதான் வரும்.

நன்னூலார் மேலும் ஒரு படி செல்கிறார். மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்க்கிறார். நரகத்தில் கிடந்து துன்புறுவோரும் உயர்திணையே! பாவம் செய்ததனால் ஒருவர் திணை இழப்பதில்லை. அதே நன்னூல், பேச்சில் திணை மயங்கும் இடங்களையும் ஏற்றுக்கொள்கிறது. மகிழ்ச்சியாலும் உயர்வு சிறப்புக் கருதியும் மயங்கலாம். சினத்தாலும் இழிவு கருதியும் மயங்கலாம். ‘அது எங்க வீட்டுச் செல்லம்’ என்று பெண்பிள்ளையைச் சொல்வதும் ‘அது’. ‘அதுங்களுக்கு என்ன தெரியும்’ என்று ஏழைகளைச் சொல்வதும் ‘அது’. குழந்தை அழுதது என்கிறோம். பேசத் தொடங்கியதும் பையன் அழுதான் என்கிறோம். பேச்சுக்கு முன்னே ஓர் ‘அது’ இருக்கிறது, பேச்சு போன பின்னே ஓர் ‘அது’ இருக்கிறது. நடுவில் உள்ள சில பத்தாண்டுகள்தாம் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’.

தமிழ் மரபில் எழுந்து நடக்கும் பிணங்களுக்குப் பஞ்சமில்லையே என்று நீங்கள் கேட்கலாம். பேய், கூளி, அலகை, கழுது, வேதாளம் என்று எத்தனை சொற்கள்! செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்க்கூட்டம் காளியிடம் முறையிடுகிறது. போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் அட்டு உண்கிறது. பிணந்தின்னும் கூட்டம் என்ற அளவில் இது இன்றைய திரைப்படத்துக்கு மிக நெருக்கம். ஆனால் பரணியின் பேய்கள் பேசுகின்றன, குறைசொல்கின்றன, கேலி செய்கின்றன, பரிமாறும்போது முறை பார்க்கின்றன. அவை ஒரு சமுதாயம். வேதாளமோ பிணத்துக்குள் புகுந்துகொண்டு விக்கிரமாதித்தனின் முதுகில் ஏறி, நீதிநூல் தேர்வு நடத்துகிறது. அம்புலிமாமா படித்த தலைமுறைக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் பேய்களுக்கு உடம்பு ஐயத்துக்குரியது; மொழி ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஜோம்பிக்கு நேர்மாறு. உடம்பு உறுதியாக இருக்கிறது; மொழி இல்லை.

இங்கே ஒரு சிறு செய்தி. லீ பாக் உருவாக்கிய முகமூடி வீரன் ஃபாண்டம், ‘நடமாடும் ஆவி’ என்று அறியப்பட்டவன். 1970களில் முத்து காமிக்ஸ் அவனைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது ‘வேதாளர்’ என்று பெயர் சூட்டியது. வேதாளம் அஃறிணை; மகரமெய்யை நீக்கி ரகரத்தைச் சேர்த்ததும் உயர்திணை, அதுவும் மரியாதைப் பன்மை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தொங்கிய அந்த மலிவுப் பதிப்புகளைப் பாடநூலுக்குள் ஒளித்துவைத்துப் படித்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள். அவற்றை மொழிபெயர்த்தவர்கள் ஒற்றை எழுத்தால் ஒரு பேயை மனிதனாக்கினார்கள். நம் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் அவர்களிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

‘நடைப்பிணம்’ என்ற சொல்லை நாம் இறந்தவருக்கு வழங்குவதில்லை. உயிரோடிருந்தும் உணர்வற்றுப் போனவரையே அப்படிச் சொல்கிறோம். வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் இதற்கு ஓர் அளவுகோல் வைக்கிறார். பிறரோடு ஒத்து, அவர்க்கு உதவி வாழ அறிந்தவனே உயிர்வாழ்பவன். மற்றவன் செத்தவர் வரிசையில் வைக்கப்படுவான் என்பது 214ஆம் குறளின் கருத்து. மூச்சையோ நாடித்துடிப்பையோ அவர் கணக்கில் எடுக்கவில்லை. ‘வைக்கப்படும்’ என்ற செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். யாரோ ஓர் எண்ணிக்கையாளர், உயிருள்ளோர் ஒருபுறம் செத்தோர் ஒருபுறம் என்று பிரித்து வைத்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது.

2003ஆம் ஆண்டு அக்டோபரில் ராபர்ட் கிர்க்மன் எழுதி, டோனி மூர் வரைய, ‘தி வாக்கிங் டெட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படக்கதை அமெரிக்காவில் தொடங்கியது. பின்னர் சார்லி அட்லார்ட் வரைந்தார். 2019 வரை 193 இதழ்கள் வந்தன. பெயரைத் தமிழாக்கினால் ‘நடைப்பிணங்கள்’. வாசகர்கள் அப்பெயர் ஜோம்பிகளைக் குறிப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கடந்த பின் தலைமைப் பாத்திரமான காவலர் ரிக், தப்பிப் பிழைத்திருக்கும் தன் கூட்டத்தாரைப் பார்த்து, நடைப்பிணங்கள் நாம்தாம் என்று முழங்குகிறார். அமெரிக்க வாசகருக்கு அது திடுக்கிடும் திருப்பம். தமிழ் வாசகர் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, ‘வேறு யாரைச் சொல்வதாக நினைத்தீர்கள்?’ என்று கேட்டிருப்பார்.

திரைப்படங்களுக்கு வருகிறேன். அவற்றுள் இரண்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்வேன். முதலாவது ஜார்ஜ் ரொமேரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. தின்னும் பிணக்கூட்டம் என்ற இன்றைய வடிவத்தை உலகுக்குத் தந்த படம் அது. வியப்பு என்னவென்றால் ‘ஜோம்பி’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வருவதில்லை. ஒரு பண்ணைவீட்டில் அடைபட்ட ஏழு பேரில் இறுதிவரை உயிர் பிழைப்பவன் பென் ஒருவனே. அப்பாத்திரத்தை ஏற்ற டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். பொழுது விடிகிறது. துப்பாக்கி ஏந்திய ஊர்க்காவல் கூட்டம் பிணங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே வருகிறது. பென் சாளரத்தின் அருகே வருகிறான். அவனைப் பார்க்கிறார்கள், அவன் பேசக் கேட்கவில்லை, சுடுகிறார்கள். பிறகு கொக்கியால் இழுத்துப்போய்க் குவியலில் எறிந்து தீ மூட்டுகிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட அதே ஆண்டில் இப்படம் வெளிவந்தது. பென்னுக்கு ஒரே ஒரு சொல் சொல்ல வாய்ப்புக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பானா? அக்காலத்து அமெரிக்காவை நினைத்தால் எனக்கு ஐயமாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது, 2016இல் வெளிவந்த கொரியப் படம் ‘டிரெய்ன் டு பூசான்’. உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஓடும் இரயிலில் தொற்று பரவுகிறது. தொற்றுக்கு ஆளாகாத சிலர் பெட்டி பெட்டியாகப் போராடித் தப்பி வருகிறார்கள். அடுத்த பெட்டியில் பத்திரமாக இருப்பவர்கள் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். திறந்த பின்னும் அவர்களை ஒதுக்கி வெளியே தள்ளுகிறார்கள். கடித்தவர்களைவிடக் கதவை அடைத்தவர்களைத்தான் பார்வையாளர் மன்னிப்பதில்லை. இறுதியில் ஒரு சிறுமியும் கருவுற்ற ஒரு பெண்ணும் மட்டும் இருண்ட குகைப்பாதையில் நடந்து வருகிறார்கள். மறுமுனையில் படைவீரர்கள். வருவது மனிதரா பிணமா என்று தெரியவில்லை. சுடுமாறு ஆணை வருகிறது. அப்போது அந்தச் சிறுமி தந்தைக்காகப் பயின்று வைத்திருந்த பாட்டை அழுதுகொண்டே பாடுகிறாள். துப்பாக்கி தாழ்கிறது. கண் தீர்மானிக்க முடியாததைக் காது தீர்மானித்தது. இந்தப் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைகளில் வெள்ளைக்கோலுடன் நடந்துசெல்லும் பார்வையற்ற நண்பர்கள் பலர், குரல் கேட்ட கணத்தில் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சி புதுமையாக இராது.

பார்த்தவுடன் சுட்டது 1968. கேட்டபின் சுடாதது 2016. இவற்றுக்கு இடையில் வந்த நூற்றுக்கணக்கான படங்களில் பெரும்பாலானவை தலைகள் சிதறுவதைக் காட்டிக் காசு பார்ப்பவை. அவற்றைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

தமிழில் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘மிருதன்’ 2016இல் வந்தது. உதகையில் நிகழும் கதை. ஜெயம் ரவி போக்குவரத்துக் காவலராக நடித்தார். கசிந்த வேதிப்பொருளை நக்கிய நாய் ஒரு மனிதனைக் கடிப்பதில் கேடு தொடங்குகிறது. வெறிநாய்க்கடியை அறிந்த நாட்டில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. படத்தைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு; பெயரைப் பற்றி ஒன்றும் இல்லை. மிருகம், மனிதன் என்ற இரண்டையும் ஒட்டி ‘மிருதன்’ என்று ஆக்கிய அந்தச் சொல் தமிழரின் காதுக்கு உடனே பிடிபட்டது. அதிலும் ‘அன்’ ஈற்றை நீக்காமல் வைத்தார்களே, அங்கேதான் நுட்பம். பாதி விலங்கானாலும் ஈறு ஆண்பால். அவன் இன்னும் ‘அவன்’. தொல்காப்பிய மரபியல் மக்களை ஆறறிவுயிர் என்கிறது. ஆனால் ‘மாக்கள்’ என்ற சொல்லை விலங்கோடு சேர்த்து ஐயறிவில் வைக்கிறது. சங்கப் பாடல்களில் மாக்கள் பொதுவாக மனிதரையும் குறிக்கும் என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் மரபியல் காட்டும் வேறுபாட்டில் மக்களுக்கும் மாக்களுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு மாத்திரை.

நம் நாட்டுப் படங்களையும் சொல்ல வேண்டும். மறைந்த மாமட் காலிட் 2007இல் எடுத்த ‘ஸோம்பி கம்போங் பீசாங்’ ஒரு கிராமத்து நகைச்சுவை. 2013இல் வந்த ‘கே.எல். ஸோம்பி’யில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன் கதாநாயகன். 2021இல் சரவாக்கின் இபான் மொழியில் ‘பெலாபான் ஹிடுப்’ வந்தது. சிறுபான்மை மொழி ஒன்று பேசாப் பிணங்களைக் காட்டித் தன் பேச்சைத் திரையில் ஏற்றியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1957இல் ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ், 1958இல் ‘ஓராங் மிஞாக்’ படத்தை இயக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன். எண்ணெய் பூசிய அந்த உருவத்தையும் மலாய் மொழி ‘ஓராங்’ என்று, ஆள் என்றே அழைக்கிறது. மலாயில் ஆட்களை எண்ணும்போது ‘ஓராங்’ என்றும் விலங்குகளை எண்ணும்போது வாலைக் குறிக்கும் ‘ஏக்கோர்’ என்றும் சொல்ல வேண்டும். ஒருவரை இழிவுபடுத்த நினைத்தால் அவரை ‘ஏக்கோர்’ கொண்டு எண்ணினால் போதும். தமிழ் வினையீற்றில் செய்வதை மலாய் எண்ணுப்பெயரில் செய்கிறது. ஆங்கிலத்தில் கூட்டத்தைச் சுட்டும் சொல்லில் இந்த வேறுபாடு இல்லாததால், அம்மொழிக் கதாநாயகன் எதையும் தீர்மானிக்காமலே தப்பி ஓடலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. வாயைத் திறந்தாலே ‘வர்றாங்க’வா, ‘வருதுங்க’வா என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் ஓட முடியும்.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இவையெல்லாம் கதையாக இல்லாமல் போயின. ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் வெறிச்சோடிய கடைவீதிகளைக் கண்ட மாணவர்கள், ஜோம்பிப் படம் போல இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்தத் தெருக்களைவிடச் சொற்கள் அச்சமூட்டின. நோயாளிகள் ‘திரள்’ ஆனார்கள். திரள்களுக்குப் பெயர் வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாளிதழைப் பிரித்தால், ‘சிவகங்கை’ ஒரு நோய்த்திரளின் பெயர். தமிழகத்திலிருந்து திரும்பிய ஒருவரிடம் தொடங்கி, கெடா மாநிலத்தில் பரவியதற்கு அப்பெயர் இட்டார்கள். ஊர்ப்பெயரால் நோயைக் குறிக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இலேயே கேட்டுக்கொண்டிருந்தது. சிவகங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் இந்நாட்டில் எத்தனை! பாட்டனின் ஊரைப் பெருமையோடு சொல்லிவந்தவர்கள் சில வாரங்கள் அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள்.

தனிமைப்படுத்தும் விதியை அவர் மீறியது தவறு. சட்டம் அவரைத் தண்டித்தது, அது முறையே. தண்டிக்கப்படுகிறவர் உயர்திணை என்பதைக் கவனியுங்கள். நீதிமன்றம் ஒருவரை ‘அவர்’ என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் குற்றம் சாட்ட முடியும், விளக்கம் கேட்க முடியும், தண்டனை முடிந்ததும் வெளியே விட முடியும். ஜோம்பியை யாரும் தண்டிப்பதில்லை, சுடத்தான் முடியும். நரகரை உயர்திணையில் வைத்த பவணந்தியாருக்கு இது தெரிந்திருந்தது. அன்று சமூக ஊடகங்களில் பரவிய பேச்சு, நம் தமிழர்களின் பேச்சு உட்பட, நீதிமன்றத்தின் தமிழாக இல்லை. ‘அதுங்க’ என்ற தமிழாக இருந்தது.

ஆசிரியர்கள் நிறைந்த அவையில் இதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிப் பட்டறைகளுக்காகப் பல ஆசிரியர் அறைகளில் அமர்ந்திருக்கிறேன். மதிப்பெண் குறைந்த மாணவனைப் பற்றிப் பேச்சு வரும்போது, ‘அது தேறாது’ என்று சொல்லக் கேட்டதுண்டு. சொன்னவர் கெட்டவரல்லர், களைத்துப் போனவர். கடைசி வகுப்பின் கடைசி வரிசையில் ஆண்டு முழுதும் வாய் திறவாமல் இருக்கும் பையனுக்கு அந்த ஈறு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அவன் பேசாததால் ‘அது’ ஆனானா, ‘அது’ ஆக்கப்பட்டதால் பேசாமல் போனானா என்பதை ஒருவர் களஆய்வு செய்தால் நல்ல ஆய்வேடு கிடைக்கும்.

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்கு எளிதான பணி ஒன்றும் இருக்கிறது. ‘மிருதன்’ படத்தையும், 2019இல் யோகி பாபு நடித்து வந்த ‘ஜாம்பி’ படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதராக அறிமுகமாகிப் பின்னர் கடிபடும் ஒவ்வொரு பாத்திரத்தையும் பிறர் எவ்வாறு சுட்டுகிறார்கள் என்று வினைமுற்று வினைமுற்றாகக் குறித்துவாருங்கள். ‘ஆன்’, ‘ஆள்’, ‘ஆர்’ எந்த நொடியில் ‘து’ ஆகிறது, அதை முதலில் சொல்பவர் யார், உடனிருப்போரில் கடைசிவரை மாற்றிச் சொல்ல மறுப்பவர் யார் என்று பாருங்கள். தாயா, தங்கையா, காதலியா, காவலரா? இபான் படத்தையும் மலாய்ப் படங்களையும் அவ்வாறே எண்ணுப்பெயர் நோக்கி ஆராயலாம். அம்மொழிகள் அறிந்த தோழர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரவைத் திரட்டியதும் எனக்குக் காட்டினால் மகிழ்வேன். மன்றத்தாரிடம் என் முகவரி இருக்கிறது.